கருப்பானந்த சுவாமிகளின் கடைசிப் பக்கம்

கருப்பானந்த சுவாமிகள் என்று ஒருவர் பூமியில் பிறக்கவே இல்லை என்பது ஞானம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அட்டைப் படத்தில் தாடியும் உருத்திராட்சமுமாக உட்கார்ந்திருப்பவர் தணிகாசலத்தின் தாய்மாமன். கடம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். திருத்தணிக்கு முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டு தாடி வளர்த்திருந்த சமயத்தில், மருமகன் கெஞ்சுகிறானே என்று புலித்தோல் மாதிரி அச்சடித்த போர்வைமேல் உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்டார். அவர் செத்து வெகுகாலமாகிறது. சுவாமிகள் மட்டும் வருஷத்துக்கு இரண்டு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

எழுதுவது தணிகாசலம்தான். திருவள்ளூர் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட பைண்டிங் ஷெட் அவருடையது. கல்யாண மாதத்தில் பத்திரிகை, பள்ளிக்கூடம் திறக்கும்போது கைடு, மற்ற நாளெல்லாம் மாந்திரீகம். வசியம், மை, சக்கரம், எந்திரம், பில்லி எடுப்பது, புதையல் பார்ப்பது என்று மனுஷனுக்கு என்னென்ன ஆசையும் பயமும் உண்டோ அதற்கெல்லாம் ஒரு புத்தகம். அமாவாசைக்கு வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டுத் திரும்புகிற கூட்டம், நடைபாதைக் கடையில் நின்று அவற்றைப் புரட்டிப் பார்க்கும். வாங்குகிறவர்கள் அட்டையை உள்பக்கமாக மடித்துக்கொண்டு போவார்கள்.

தணிகாசலத்தை ஏமாற்றுக்காரர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பழைய பேப்பர் கடை கடையாக ஏறி இறங்கி, தொட்டால் உதிர்கிற புத்தகங்களை வாங்கி வந்து, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு மந்திரங்களைப் பார்த்து எழுதுவார். எழுதும்போது செருப்பைக் கழற்றிவிடுவார்.

"மந்திரத்துல ஒரு எழுத்து நான் கை வெச்சதில்ல ஞானம்மா. அது பெரியவங்க சொத்து. மத்தது எல்லாம் நம்ப கைச்சரக்கு" என்பார்.

ஞானம்மா சிரித்துக்கொள்வாள். அவள் செவ்வாப்பேட்டைக்கு அந்தப் பக்கம் காலனியில் இருந்து ரயிலில் வந்துபோகிறவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். மாந்திரீகம் அவளுக்கு மடிக்கிற தாள், அவ்வளவுதான். அச்சாபீஸிலிருந்து பெரிய பெரிய தாளாக வரும். ஒரு தாளை மடித்தால் பதினாறு பக்கம். அதற்குப் பாரம் என்று பெயர். மூங்கில் பட்டையால் அழுத்தி அழுத்தி மடித்து, பாரங்களை வரிசையாக அடுக்கி, ஊசி நூலால் தைத்து, முதுகில் பசை தடவவேண்டும். மைதா மாவில், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுகிற பசை. அந்த நீலக்கறை அவள் நகக்கண்ணை விட்டுப் போனதே இல்லை.

எந்தப் புத்தகமானாலும் முழுசாக அச்சேறுவதற்குமுன் மாதிரிக்கு ஒரு தாள் வரும். அதை மடித்துப் பக்க வரிசை பார்ப்பது ஞானம்மாவின் வேலை. சுவாமிகளின் 'ஆகர்ஷண அஞ்சனத் திரட்டு' வந்தபோது, கடைசிப் பாரத்தை மடித்தவள் தலையைச் சொறிந்தாள்.

"அண்ணா, கடைசி பக்கம் மொட்டையா இருக்குதுண்ணா."

"மொட்டையாவா? எங்க காட்டு." தணிகாசலம் வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மேட்டர் பத்தல. வெறுந்தாளுக்கு எவன் துட்டு குடுப்பான்? உடு, எதுனா போட்டு ரொப்பிடலாம்."

"எதுனான்னா?"

"எதுனாதான். நீ போய் பசையப் பாரு, அடிபிடிக்கப் போவுது."

அவள் பசையைப் பார்க்கப் போனாள். பேச்சு அதோடு மறந்துபோயிற்று.

அப்போதெல்லாம் அவள் மகன் எட்வர்ட் வீட்டில் இருந்தான்.

*

எட்வர்ட் ஒரே பிள்ளை. ஐடிஐ முடித்ததும் அப்பன் ஆசீர்வாதம் தன்னோடு கும்மிடிப்பூண்டிக்கு அழைத்துப் போனான். இரும்புக் கம்பி உருட்டுகிற கம்பெனி. காலனி முனையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அப்பனும் மகனும் ஒரே தூக்கில் சோறு கட்டிக்கொண்டு போவதைப் பார்க்க ஞானம்மாவுக்குக் கண் நிறைந்துவிடும். ஆசீர்வாதத்தின் அப்பா அடுத்தவன் கழனியில் குனிந்தே செத்தவர். 'என் பையன் கையில ஐடி கார்டு இருக்குது' என்று ஆசீர்வாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வான்.

ஒருநாள் கம்பெனியில், உருளையிலிருந்து ஓடிவரும் பழுக்கக் காய்ந்த கம்பி தடம் மாறி மேலே எகிறி, எட்வர்டுக்குப் பக்கத்தில் நின்ற பீகார் பையனின் தொடையில் பாய்ந்துவிட்டது. அந்தப் பையன் கத்தவில்லையாம். எட்வர்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தானாம். மறுநாள் காலையில் வேன் வந்து ஹாரன் அடித்தது. எட்வர்ட் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாளும் எழுந்திருக்கவில்லை.

"நானும்தான் எவ்ளோ பார்த்துகினேன். பயந்தா ஊட்ல அடுப்பு எரியுமா?" என்று ஆசீர்வாதம் தொடங்கினான். முதலில் சமாதானமாகத்தான் பேசினான். ஒரு வாரம் போனதும் பொறுமை போய்விட்டது. காலனி பம்படியில் நாலு பேர் பார்க்க, வளர்ந்த பையனைக் கன்னத்தில் அறைந்துவிட்டான்.

எட்வர்ட் திரும்பி நடந்தான். வீட்டுக்குள் வந்து, அப்பன் வாங்கிக் கொடுத்த போனைப் பிரிட்ஜ் மேல் வைத்தான். ஞானம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடா நைனா போற?"

"வரேம்மா."

ராத்திரிக்குள் வந்துவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். கையில் கொதிக்கிற குண்டான். அதை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடியிருக்கலாமே என்று பின்னாளில் அவள் நினைக்காத நாளில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள். மேஜர் பையன், தானே வருவான் என்றார்கள். சர்ச்சில் ஜெபம் வைத்தார்கள். சிநேகிதர்கள் வீடு, அத்தை வீடு எல்லாம் தேடியாயிற்று. அவனிடம் போன் இல்லை. ஆனால் அம்மாவின் நம்பர் அவனுக்கு மனப்பாடம். அதனால் எந்தப் புது நம்பர் வந்தாலும் ஞானம்மா ஓடி ஓடி எடுத்தாள். ஊத்துக்கோட்டை பக்கத்தில் பிளாட் வேண்டுமா, இன்சூரன்ஸ் வேண்டுமா, ரீசார்ஜ் முடியப்போகிறது. ஒவ்வொரு தடவையும் "நைனா" என்று கூப்பிட்டு, ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவரின் குரல். மாதங்கள் போகப் போக, 'நைனா' என்று கூப்பிடுவதை விட்டு, 'யாருங்க' என்று கேட்க ஆரம்பித்தாள்.

ஆசீர்வாதம் செகண்ட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான். சாயங்காலம் எட்வர்ட் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற நேரம் வீட்டில் இருக்க அவனால் முடியவில்லை. அவன் அதைச் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும்.

அப்படி ஒரு நாள் பைண்டிங் ஷெட்டில், வெட்டு கோணலாகி ஒதுக்கிப் போட்ட புத்தகங்களை அடுக்கும்போதுதான் அஞ்சனத் திரட்டு கையில் வந்தது. எத்தனை ஆயிரம் தடவை மடித்த தாள். அன்றைக்குத்தான் முதல்முதலாக அதைப் படித்தாள். 'வீட்டை விட்டுப் போனவர் எத்திசையில் இருப்பினும் தாமே வந்து வாசலில் நிற்க' என்று ஒரு தலைப்பு. படம் பொய்யாக இருந்தால் என்ன, மந்திரத்தில் அண்ணன் கைவைக்க மாட்டாரே. புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். செய்வதை வெளியில் சொல்லக்கூடாது என்றிருந்ததால் தணிகாசலத்திடமும் வாய் திறக்கவில்லை.

மஞ்சளில் சக்கரம் போட்டு நடுவில் அவன் பெயரை எழுதவேண்டும். அவன் உடுத்தித் துவைக்காத துணியை மடித்து வைத்து, அந்தியில் நல்லெண்ணெய் விளக்கேற்றி, நூற்றெட்டு தடவை சொல்லவேண்டும். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் மௌன விதி: 'தீபம் ஏற்றியது முதல் மலையேறும் வரை வாய் திறவாதிருத்தல் வேண்டும். பிறர் குரல் செவியில் விழலாகாது. விழின் முதலிலிருந்து தொடங்குக. இவ்விதி தவறியோர்க்குச் சென்றவர் மேலும் தூரம் செல்வர்.'

அந்தக் கடைசி வரிதான் அவளைப் பிடித்துக்கொண்டது. சுவரில் இயேசு படம். கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், அவர் பார்வை படாத மூலையில் ஞானம்மா விளக்கேற்றினாள். 'ஆண்டவரே, கோச்சிக்காத. புள்ள வந்ததும் உட்டுட்றேன்' என்று முதல்நாளே சொல்லிக்கொண்டாள். எட்வர்டின் கோடுபோட்ட சட்டையில் இன்னும் அவன் வேர்வை வாசனை இருந்தது. முகர்ந்தால் தீர்ந்துபோய்விடும் என்று பயந்து சீக்கிரம் மடித்து வைத்துவிடுவாள்.

மண்டலம் பாதி தாண்டியிருக்கும். மந்திரத்தின் நடுவில் பிரிட்ஜ் மேலிருந்த அவள் போன் அடித்தது. பதறிப்போய் எழுந்து, பார்த்தும் பார்க்காமலும் சிவப்பை அழுத்தினாள். புது நம்பர். பிளாட் விற்கிற சனியன்தான் என்று நினைத்தாள். விதி கெட்டுவிட்டது என்று வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். மறுநாள் புதுச் சக்கரம் போட்டு முதலிலிருந்து தொடங்கினாள். அன்றுமுதல் விளக்கேற்றுமுன் போனை அணைத்துவிடுவாள். வாசல் கதவை மட்டும் தாழ் போடாமல் சாத்தி வைப்பாள். நேரில் வந்து நிற்கப் போகிறவனுக்குப் போன் எதற்கு?

*

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பைண்டிங் ஷெட்டில் தாளெல்லாம் ஈரம் கோத்து, மடித்தால் மடிப்பு நிற்கவில்லை. பசை காய மறுத்தது. தணிகாசலம் கூரை ஒழுகுகிற இடமெல்லாம் வாளி வைத்துவிட்டு, பார்சல் போட ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். ஞானம்மாவும், அவளோடு வேலை செய்கிற ஷைனியும் மசாலா பொரியைத் தாளில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஷைனி கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்கு வந்த பெண். பாட்டு கேட்க ஞானம்மாவின் போனை வாங்கினாள்.

"இன்னா ஆன்ட்டி இது, போன் இப்படி தூங்குது? மெசேஜ் மட்டும் மூட்டை மூட்டையா வெச்சிகினுகிறீங்க."

"எல்லாம் கம்பெனிக்காரன் போட்றதுடி. இங்கிலீஷ்ல வருது. நான் இன்னாத்தக் கண்டேன். அழிச்சி உடு."

ஷைனி அழித்துக்கொண்டே வந்தாள். கை நின்றது.

"ஆன்ட்டி, இது கம்பெனி மெசேஜ் இல்ல. போன் ஆஃப்ல இருக்கசொல்லோ யாரு கூப்ட்டாங்கன்னு வர்றது. ஒரே நம்பர். சாயங்காலம் சாயங்காலமா கூப்ட்டுகினே இருந்திருக்காங்க. அப்புறம் நின்னுட்டிருக்குது."

"எப்ப சாயங்காலம்?"

"வெளக்கு வெக்கிற நேரந்தான்."

ஞானம்மா பொரியை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே கையை இறக்கினாள். ஷைனி அந்த நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஞானம்மா வாளிகளைத் தாண்டி, காகிதக் கட்டுகளுக்கு நடுவே போய்க் குந்தினாள்.

"ஹலோ, எவரு? யாரு பேசறது?" தெலுங்கு கலந்த தமிழ்.

"நான் எட்வர்டு அம்மாங்க."

அந்தப் பக்கத்தில் கிளாஸ் கழுவுகிற சத்தம் நின்றது.

"ஐயோ, இப்பவா அம்மா பண்றது?" என்றார் அந்த மனிதர்.

*

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆரம்பாக்கத்தையும் தாண்டினால் தடா. ஆந்திரா. ஆசீர்வாதம் மறுநாளே லீவு சொல்லிவிட்டு, ஞானம்மாவை வண்டியில் உட்காரவைத்து மழையில் ஓட்டினான். தன் கம்பெனி கேட்டைத் தாண்டும்போது வண்டி தானாகத் தயங்கிற்று.

"இந்த கேட்டுக்கு அந்தாண்ட நான் போனதே இல்லமே" என்றான். "வேன்ல வருவேன், எறங்குவேன், வேன்ல போயிடுவேன். இங்கேர்ந்து கூப்புட்ற தூரம்."

போனில் பேசியவரின் டீக்கடை ஒரு இறால் கம்பெனி கேட்டுக்கு எதிரில் இருந்தது. இறால் தலைகளின் நாற்றம் மழையையும் மீறி அடித்தது. கடைக்காரர் பெரிய மீசையும் சின்ன உடம்புமாக இருந்தார். ஞானம்மாவைப் பார்த்ததும் பெஞ்சைத் துண்டால் துடைத்தார்.

"ரண்டி அம்மா, கூச்சோண்டி, உக்காருங்க. மூஞ்சி அப்டியே தம்பி மூஞ்சிதான். சொல்லவே வாணாம்."

"எங்கங்க அவன்?" என்றான் ஆசீர்வாதம்.

"உள்ள பாக்கிங்ல இருந்தான். காண்ட்ராக்டு ஷெட்லதான் படுக்கறது. சாயங்காலம் டீக்கு உடுவாங்க. வந்து, அண்ணா, ஒரு போன் பண்ணிக்கவா அப்டின்னுவான். மஞ்சி பையன், ரொம்ப நல்லவன். மொதல் நாள் ரிங் போச்சு. மூஞ்சில ஒரே சிரிப்பு. அப்பறம் கட்டாயிடுச்சு."

ஞானம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வேலையா இருப்பாங்க அப்டின்னான். மறுநாள் பண்ணான், ஸ்விட்ச் ஆஃப். அதுக்கும் மறுநாள், ஸ்விட்ச் ஆஃப். ராத்திரி பண்ணுடா, காலைல பண்ணுடான்னு சொன்னேன். எப்டிண்ணா, கேட்டு மூடிடுவாங்களே அப்டின்னான். ஒரு நாள் டீ குடிக்காம கிளாஸையே பார்த்துகினு இருந்தான். 'அண்ணா, நான் பண்ற நேரம் பார்த்து எங்கம்மா அணைச்சி வெக்கறாங்கண்ணா. எங்கப்பா பேசமாட்டாருன்னு தெரியும். எங்கம்மாவும் வேணான்னுட்டாங்க' அப்டின்னு சொன்னான்."

"அவன் இப்ப எங்க?" ஆசீர்வாதம் திரும்பவும் கேட்டான். குரல் ஏறவில்லை.

"ஒடிசா பசங்க கூட்டமா கெளம்பிச்சு, தீபாவளிக்கு முன்னாடி. வேற எங்கயோ துறைமுகத்துல வேலையாம். ஊர் பேரு வாய்ல நிக்கல. அவங்க கூட ஏறிட்டான். ஊர்லேர்ந்து யார்னா வந்து கேட்டா இன்னாடா சொல்றதுன்னு கேட்டேன். யாரும் வரமாட்டாங்கண்ணான்னான்."

காண்ட்ராக்டர் நம்பரை அவர் தேடிக் கொடுத்தார். அடித்தால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. கேட்டில் செக்யூரிட்டியைக் கேட்டார்கள். வந்துபோகிறவர்களுக்கு அங்கே ரிஜிஸ்டரில் பெயரே கிடையாது என்றான். கடைக்காரர் டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். எட்வர்ட் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவான் என்று ஞானம்மா கேட்டாள். அவர் பெஞ்சின் ஒரு கோடியைக் காட்டினார். அவள் அங்கே போய்க் கொஞ்சநேரம் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் சென்னை போகிற ரோடு தெரிந்தது.

திரும்பும்போது மழை வலுத்தது. கவரைப்பேட்டை பாலத்துக்கு அடியில் வண்டியை நிறுத்தினார்கள்.

"போன ஏன் அணைச்சி வெச்ச?" என்று ஆசீர்வாதம் கேட்டான்.

அவள் சொன்னாள். விளக்கு, சக்கரம், சட்டை, மௌனம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு அடி விழும் என்று காத்திருந்தாள். விழுந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"நம்ப ஊட்லயா? சிலிண்டர் பின்னாலயா?"

"ஆமாயா."

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேமே."

"சொன்னா பலிக்காதுன்னு போட்டிருந்துச்சி."

அவன் தன் வலது கையை விரித்துப் பார்த்தான். கம்பெனிச் சூட்டில் காய்த்துப்போன கை.

"இந்தக் கை அவன் மூஞ்சில பட்டுது பாரு, அன்னிலேர்ந்து இதுல சோறு எடுத்துத் துன்னா எறங்கல. உன்ன நான் இன்னான்னு சொல்றது?" என்று சொல்லிவிட்டு, பாலத்துத் தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. போகிற லாரியெல்லாம் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போயின.

*

மறுநாள் ஷைனி வருவதற்கு முன்பே ஞானம்மா பைண்டிங் ஷெட்டுக்குப் போய்விட்டாள். தணிகாசலம் ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். முருகன் படத்துக்கும் பக்கத்தில் மாமன் படத்துக்கும் ஒரே வத்திதான்.

"இன்னா ஞானம்மா, நாஷ்டா ஆச்சா? கண்ணெல்லாம் வீங்கியிருக்குது?"

அவள் முந்தானையிலிருந்து அஞ்சனத் திரட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எண்ணெய்க் கறையும் மஞ்சளுமாக இருந்த புத்தகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"நீ எடுத்தியா இத்த?"

"மன்னிச்சிடுண்ணா, கேக்காம எடுத்துட்டேன். பலிச்சிதுண்ணா. எங்கியோ இருந்தவனத் தடா வரைக்கும் இசுத்துகினு வந்திச்சி. நாந்தான் கெடுத்துட்டேன்." நேற்றைய கதையைச் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை, கணக்கு ஒப்பிப்பவள்போலச் சொன்னாள். "நடுவுல போன் சத்தம் காதுல உழுந்துடுச்சி. விதி தவறினா போனவங்க இன்னும் தூரம் போயிடுவாங்கன்னு கடைசி பக்கத்துல போட்டிருக்குது. அப்படியே ஒடிசா பசங்களோட எங்கியோ போயிட்டான், பாரு. இப்ப இன்னாண்ணா பண்ணணும்? ரெண்டு மண்டலம் இருந்தா சரியாவுமா? அந்தியில மட்டும் இல்லாம காலைலயும் மௌனம் இருந்துட்றேன். போனையே வித்துடலாம்னு கீறேன். அது இருந்தாத்தான தொல்ல?"

தணிகாசலம் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஊதுவத்திச் சாம்பல் அவர் கைமேல் விழுந்தது.

'ஆமாம், இரண்டு மண்டலம் இரு' என்று சொல்லிவிடலாம். அவளும் நிம்மதியாகப் போவாள், அவர் பெயரும் பிழைக்கும். ஆனால் பையனுக்கு அந்த ஒரு நம்பர்தானே தெரியும்?

"ஞானம்மா, உக்காரு" என்றார்.

"பரவால்லண்ணா, சொல்லு."

"மந்திரம் பழசு. அது நெஜம். எழுத்துக்கு எழுத்து பார்த்துப் போட்டது." அவர் புத்தகத்தின் பின்னட்டையை விரலால் தொட்டார். "அந்த மௌன விதி பழசு இல்ல."

"அப்படின்னா?"

"கடைசி பாரத்துல ஒரு பக்கம் மொட்டையா நின்னுச்சி. வெள்ளையா உடக்கூடாதேன்னு, அச்சாபீஸ்காரன் வாசல்ல நின்னுகினு அவசரப்படுத்தினான், டீ குடிச்சிகினே நான் எழுதிக் குடுத்தது அது. மொத வரி எழுதினேன். எடம் ரொம்பல. பயமா ஒரு வரி இருந்தா எடுப்பா இருக்கும்னு அந்தக் கடைசி வரிய சேர்த்தேன். சுவாமியும் இல்ல, விதியும் இல்லம்மா. நான்தான். போன அணைக்காத. உன் கால்ல வேணாலும் உழுறேன், போன மட்டும் அணைக்காத."

ஞானம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாமன் படத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையை, நகக்கண்ணில் இருந்த நீலக்கறையைப் பார்த்தாள்.

"மொட்டையா இருக்குதுன்னு நாந்தானேண்ணா சொன்னேன்" என்றாள்.

அவர் ஊதுவத்தியை அணைத்து மேஜைமேல் வைத்தார்.

"நான் பார்த்துட்டு சும்மா உட்டிருக்கலாம். வெள்ளையாவே போயிருக்கும்."

"அப்படிச் சொல்லாதம்மா."

"எங்கையாலதானே மடிச்சேன் அத்த. அம்மாம் புஸ்தகத்தையும் எங்கையாலதானே தைச்சேன். எத்தினி ஊட்ல இப்ப போன அணைச்சி வெச்சிகினு உக்காந்திருக்காங்களோண்ணா."

தணிகாசலம் எழுந்து மூலைக்குப் போனார். அமாவாசைக்கு அனுப்பக் கட்டி வைத்திருந்த அஞ்சனத் திரட்டுக் கட்டுகளின் சணலை அறுத்தார். ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, கடைசித் தாளைக் கிழிக்க ஆரம்பித்தார். நூல் தைத்த தாள், சுலபமாக வரவில்லை. ஞானம்மா கொஞ்சநேரம் நின்று பார்த்தாள். பிறகு அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தைத்தவளுக்குத்தான் எங்கே இழுத்தால் வரும் என்று தெரியும். ஷைனி வந்து பார்த்தபோது இரண்டு பேரும் பேசாமல் கிழித்துக்கொண்டிருந்தார்கள். கடைகளுக்குப் போய்விட்ட புத்தகங்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

*

ஆசீர்வாதம் மறுபடி காலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டான். அந்தியில் இரண்டு பேரும் வீட்டில் இருக்கிறார்கள். சிலிண்டருக்குப் பின்னால் இப்போது விளக்கில்லை. மஞ்சள் கறை மட்டும் தரையில் போகாமல் இருக்கிறது. கோடுபோட்ட சட்டையை ஞானம்மா ஆணியில் மாட்டிவிட்டாள். அதில் இப்போது நல்லெண்ணெய் வாசனைதான் வருகிறது.

டிவி போடுவதில்லை. போன் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பாய்மேல் இருக்கும். குளிக்கப் போனால்கூட ஞானம்மா அதை ஆசீர்வாதத்தின் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவாள். சார்ஜ் போய்விடும் என்று கரண்ட் நிற்கிற நாளில் பக்கத்துத் தெருவரைக்கும் போய்ப் போட்டுக்கொண்டு வருவாள்.

அன்றைக்கும் மழை விட்டுவிட்டுப் பெய்தது. விளக்கு வைக்கிற நேரம். ஞானம்மா கருவாட்டுக் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. புது நம்பர். இந்தத் தடவை குண்டானைத் தொப்பென்று கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள். குழம்பு தரையில் சிந்தியது.

"சொல்லு நைனா."

"வணக்கம் மேடம், நான் ஊத்துக்கோட்டை ரோட்ல நம்ப புது நகர் பிளாட் விஷயமா பேசறேன். தண்ணி வசதி, ரோடு வசதி எல்லாம் இருக்குது மேடம். ஒரு நிமிஷம் பேசலாமா?"

பையனுக்கு வயது இருபது இருபத்தொன்று இருக்கும். குரல் உடைந்து தேறிய குரல். பின்னால் இன்னும் நாலைந்து பேர் இதையே பேசிக்கொண்டிருக்கிற சத்தம். ஆசீர்வாதம் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். அவன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பேசு நைனா" என்றாள் ஞானம்மா.

பையன் நம்ப முடியாதவனாக ஒரு கணம் நின்றுவிட்டு, பேச ஆரம்பித்தான். பார்க் வரப்போவதைச் சொன்னான். பஸ் ஸ்டாண்டு வரப்போவதைச் சொன்னான். நடுவில் நடுவில் "லைன்ல இருக்கீங்களா மேடம்?" என்று கேட்டுக்கொண்டான். "இருக்கேன், சொல்லு" என்றாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, சொல்ல வேறு ஒன்றும் இல்லாமல் அவன் தயங்கினான்.

"சாப்டியா நைனா?" என்று ஞானம்மா கேட்டாள்.

"மேடம்?"

"சாப்டியான்னு கேட்டேன்."

"இல்ல மேடம். இனிமேதான்" என்றான் பையன், வேறு குரலில்.

"போய் சாப்ட்டுட்டு வா. மெதுவா சாப்டு, அவசரமில்ல" என்றாள் ஞானம்மா. போனை இரண்டு கையாலும் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அம்மா கட் பண்ண மாட்டேன்."